பெட்டியைக் கடைசியாக வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், கேம்பிங் போவதென்றால் முதலில் பெட்டி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் தள்ளுபடியில் கிடந்தன. ஆறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அரிசி, பருப்பு, டின், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒன்றில் அடுக்கித் தூக்கினால் பெட்டி தரையை விட்டு எழவில்லை. இரண்டாவது பெட்டி மூடி இல்லாமல் வண்டியின் பின்கதவுக்குள் நுழைந்தது, மூடியைப் போட்டால் நுழையவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. மீன் பிடிக்க, கூடாரம் போட என்று சின்ன வயதிலிருந்தே நேட்டால் கடற்கரை முழுக்கச் சுற்றியவர். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பெட்டி கடைசியில வாங்குற சாமான், தம்பி."

அந்த ஆறு பெட்டிகளில் இரண்டு இன்றைக்கும் என் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் பழைய துணி, ஒன்றில் பிள்ளைகளின் பொம்மை. வண்டியில் ஏறுபவை வேறு பெட்டிகள். தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்து, வார இறுதியில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆசைப்படுகிறவர்களுக்காக, நான் காசைத் தொலைத்துக் கற்றதை எழுதுகிறேன்.

முதல் பயணம் அட்டைப்பெட்டியில்

முதல் பயணத்துக்குச் சூப்பர்மார்க்கெட்டில் சும்மா கிடைக்கும் அட்டைப்பெட்டி போதும். பக்கத்து இடமாகப் பாருங்கள், இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம். டர்பன்காரர்களுக்கு ஹாவிக் பக்கத்தில் மிட்மார் அணைக்கட்டு சரியான பள்ளிக்கூடம். எதையாவது மறந்துவிட்டால் கடை பக்கத்திலேயே இருக்கிறது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடலாம்.

தேவை என்று தோன்றுவதை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தடவை ஒரு சாமானை எடுக்கும்போதும் பெட்டியின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தவை, ஒரு தடவை எடுத்தவை, தொடவே தொடாதவை. என் முதல் பயணத்தில் மூன்றாவது குவியல்தான் பெரியது. இட்லிப் பாத்திரம் அதில் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தினமும் எடுத்தவை எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று பார்த்தால், உங்களுக்கு எத்தனை பெட்டி, என்ன அளவில் வேண்டும் என்பது கண் முன்னாலேயே இருக்கும்.

வந்த வேகத்தில் அட்டைப்பெட்டிகளை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றுக்கு அட்டை நமுத்துப்போகும், அந்த மடிப்புகளுக்குள் கரப்பான் குடித்தனம் வைத்துவிடும்.

வண்டியை அளப்பது

டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள். எல்லோரும் பின்பக்கத் தரையின் நீள அகலத்தை அளப்பார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. இடுக்கான இடங்களை அளக்க வேண்டும்: பின்கதவு திறந்தபின் கிடைக்கும் வாயின் உயரமும் அகலமும், இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, பக்கியாக இருந்தால் கேனோப்பியின் பக்கச் சன்னல் எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது. (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை இங்கே பக்கி என்பார்கள், அதன்மேல் போடும் கூடுதான் கேனோப்பி.) பெட்டி கதவு வழியாக நுழைந்தால் மட்டும் போதாது, உள்ளே வைத்தபின் அதன் மூடியைத் திறக்க மேலே இடம் வேண்டும். மேலிருந்து மூடி திறக்கும் பெட்டியைக் கூரைக்கு நாலு விரல் கீழே வைத்துவிட்டு, உப்பு எடுக்க முழுப் பெட்டியையும் இறக்குகிற ஆட்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கலாம்.

அளந்தபின் பழைய செய்தித்தாளைப் பெட்டி அளவுக்கு வெட்டி வண்டித் தரையில் பரப்பிப் பாருங்கள். ஐரோப்பிய அளவுப் பெட்டிகள் என்று ஒரு வகை உண்டு, தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் புழங்குபவை. 600 மில்லிமீட்டருக்கு 400, அதில் பாதியாக 400-க்கு 300. இரண்டு சின்னதைச் சேர்த்து வைத்தால் ஒரு பெரியதின் மேல் பிசகாமல் உட்காரும். வேறு வேறு கடையில் வாங்கினாலும் அளவு ஒத்துப்போகும். இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆறு பெட்டி வாங்கியிருக்கவே மாட்டேன்.

கனம்

பெட்டியின் அளவை இடத்தைப் பார்த்து முடிவு செய்வது பாதி வேலை, மீதியை முதுகுதான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. டின் உணவும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாற்பது லிட்டர் பெட்டியில் டின்னும் அரிசியும் பாதிக்குமேல் போனாலே இருபது கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தரையிலிருந்து பக்கியின் இடுப்பு உயரத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும், அதுவும் ஒரே நாளில் நாலு தடவை.

அதனால் கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி, லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி. டின், அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் சின்னதில். போர்வை, துண்டு, பிளாஸ்டிக் தட்டு பெரியதில். குளியலறைத் தராசில் வெறுமனே ஏறி நின்று பாருங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் பதினைந்து கிலோவுக்கு மேல் போனால் பெட்டியைப் பிரித்துவிடுவது நல்லது. வீட்டிலேயே மெலிந்த ஆளால் அதைத் தனியாகத் தூக்க முடிய வேண்டும், அதுதான் என் கணக்கு. நான் ஒருநாள் கால் சுளுக்கிப் படுத்தபோது அக்காவும் பிள்ளைகளும்தான் மொத்த முகாமையும் கட்டி ஏற்றினார்கள்.

எந்தப் பிளாஸ்டிக், என்ன மூடி

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். கடையில் பெட்டியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 2 என்றால் உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். வீட்டு உபயோகப் பெட்டிகள் பெரும்பாலும் 5. அது சூடு தாங்கும், ஆனால் கடுங்குளிரில் நொறுங்கும் சுபாவம் உள்ளது. 2 குளிரிலும் வளைந்து கொடுக்கும்.

டர்பனில் குளிர் எங்கே என்று கேட்பீர்கள். ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போங்கள். ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமில் ஒரு காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்கு வெளியே கிடந்த என் பெட்டியின் கொக்கியை வழக்கம்போல் கட்டை விரலால் நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம். கொக்கி என் கையில் இருந்தது, மூடியின் விளிம்பு அதோடு பிய்ந்து வந்திருந்தது. உள்ளே தெரியும் தண்ணீர் நிறப் பெட்டிகளுக்கு இன்னொரு கேடு வெயில். சன்னல் ஓரமாக இரண்டு கோடை இருந்தால் மஞ்சளாகி, விரல் பட்டாலே விரிசல் விடும்.

இந்த ஊரில் கேம்பிங் போகிறவர்கள் ‘அம்மோ பாக்ஸ்’ என்று ஒரு பெட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். பட்டாளத்தில் தோட்டா வைத்த பெட்டியின் வடிவம். தடித்த பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் பெரிய கொக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நகராது. பக்கி, டிரெய்லர், இழுப்பறை எல்லாவற்றையும் அதன் அளவுக்கே தச்சு விற்கிறார்கள். நல்ல பெட்டிதான். ஆனால் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சாதாரண வகைகளில் ரப்பர் பட்டை இருக்காது, மண்சாலையில் தூசி உள்ளே போகும். கதவுக்கு ஒட்டும் நுரைப் பட்டையை ஹார்டுவேர் கடையில் வாங்கி மூடியின் உள்விளிம்பில் சுற்றி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டியபின் கொக்கி பூட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் பட்டை தடிப்பாகப் போய் மூடியே பொருந்தவில்லை.

வாங்கும்போது நான் செய்யும் சோதனை மூன்று. மூடியின் நடுவில் கையை ஊன்றி அழுத்துவேன், குழிந்தால் மேலே எதையும் அடுக்க முடியாது. கைப்பிடி பெட்டியோடு சேர்ந்து வார்த்ததா, பிறகு மாட்டியதா என்று பார்ப்பேன். மாட்டியது ஒருநாள் கழன்று வரும். கடைசியாகச் சுவரைப் பார்ப்பேன். கீழே போகப் போகக் குறுகும் பெட்டிகள் காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று போகும், கடைக்காரருக்கு அது வசதி. வண்டியில் அடுக்கினால் இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வீணாகும். சுவர் நேராக இறங்கும் பெட்டியைத் தேடுங்கள்.

அலுமினியப் பெட்டி அழகுதான், விலை அதைவிட அழகு. பூட்டுப் போடலாம், குரங்கு தோற்றுப்போகும். வெயிலில் அடுப்பாகும், கரடுமுரடான சாலையில் வாயாடும். முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டாம் என்பேன்.

சாப்பாட்டுப் பெட்டி

நம் வீட்டுச் சமையலுக்கு எந்தக் கேம்பிங் புத்தகமும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு, மசாலா. குழம்புத்தூள், மஞ்சள், கரம் மசாலா, நல்லெண்ணெய் இவற்றின் வாசனை பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டால் இறங்காது. ஒரு பயணத்தில் டர்பன் சந்தையில் வாங்கிய மாமியார் மசாலாப் பொட்டலம் கிழிந்தது. (இங்கே ரொம்பக் காரமான மசாலாத்தூளுக்கு அப்படித்தான் பெயர்.) அடுத்த ஆறு மாதம் அந்தப் பெட்டியில் வைத்த ரஸ்க் எல்லாம் காரமாகவே இருந்தது. வினிகர், சமையல் சோடா, வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது அதில் கயிறும் கூடார முளையும் இருக்கின்றன.

மசாலாவுக்கு எவர்சில்வர் டப்பாதான். அஞ்சறைப்பெட்டியை அப்படியே கொண்டுபோகாதீர்கள், குலுக்கலில் கடுகும் மஞ்சளும் ஒன்றாகிவிடும். திருகு மூடி உள்ள சின்ன டப்பாக்களில் பயணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அளந்து போடுங்கள். மாவையும் ரவையையும் கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் வண்டு முட்டை செத்துவிடும். எடுத்ததும் திறக்காமல், அறைச்சூட்டுக்கு வந்தபின் டப்பாவுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோர்த்துக் கட்டிதட்டும்.

கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய் கொண்டுபோவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் பழைய காலுறைக்குள் பாட்டிலைப் போட்டு வையுங்கள். டின்களுக்கும் நடுவில் துணி வேண்டும். கலகாடி பாலைவனப் பூங்கா பக்கம் சாலையெல்லாம் துணி துவைக்கும் கல்போல வரிவரியாக இருக்கும். அந்த அதிர்வில் டின்னும் டின்னும் உரசிக்கொண்டே போகும். அங்கே நோசாப் முகாமில் நான் பெட்டியைத் திறந்தபோது இரண்டு கூல்டிரிங்க் டின்கள் ஊசித் துளை விட்டு, மீன் டின்களின் தாள் எல்லாம் கரைந்து, எது பில்சர்ட் எது பீன்ஸ் என்று தெரியாமல் ஒரு பிசுபிசுப்புக் குளம். அன்றைக்கு டின் மீன் குழம்பு வைப்பதாக ஏற்பாடு. மூன்றாவது டின்னைத் திறந்தபிறகுதான் மீன் வந்தது.

பெட்டியைச் சாமான் வகைப்படி பிரிப்பதா, வேளைப்படி பிரிப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. நான் வேளைக் கட்சி. காலைப் பெட்டி என்று ஒன்று: டீத்தூள், சர்க்கரை, பால்பவுடர், ரஸ்க், கெட்டில், லைட்டர், ஒரு சின்னப் பாத்திரம், கப். விடியற்காலை ஐந்து மணிக்கு மிருகம் பார்க்கக் கிளம்பும்போது அந்த ஒன்றைத் திறந்தால் போதும். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாலு பெட்டியைக் கடமுடா என்று உருட்ட வேண்டியதில்லை. ராத்திரிச் சமையல் பெட்டி தனி. மிச்ச மளிகை இருப்புப் பெட்டி, அதை நாளுக்கு ஒரு தடவை மட்டும் திறப்பது.

அப்புறம் புரட்டாசி. செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வரும், 24-ஆம் தேதி பாரம்பரிய நாள், ஊரே பிராய் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும். அது சரியாக நம் புரட்டாசிக்குள் விழும். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. ஒரே முகாமில் விரதம் இருக்கும் அக்காவும் ஆட்டுக்கறி வாட்டும் மச்சானும் இருந்தால், பாத்திரம், கரண்டி, வெட்டும் பலகை, வாட்டும் கம்பி வலை எல்லாம் இரண்டு செட் வேண்டும், இரண்டு பெட்டியில். எதிர்வீட்டு அண்ணனுக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், வாசிக்க வராது. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதனால் எழுதி ஒட்டுவதை விட்டுவிட்டு நிற டேப் ஒட்டினோம். பச்சை டேப் சைவம், சிவப்பு டேப் அசைவம். ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கும் பச்சைப் புள்ளிதான் ஞாபகம் வந்தது. டேப்பை மூடியில் மட்டும் ஒட்டாதீர்கள். மூடிகள் இடம் மாறும். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்.

ஐஸ்பெட்டி

பேட்டரியில் ஓடும் வண்டி ஃப்ரிட்ஜ் வாங்க வசதி இருந்தால் நல்லது, ஆனால் அதற்குத் தனி பேட்டரி, வயரிங் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று ராத்திரிக்கு நல்ல ஐஸ்பெட்டி தாராளம். கிளம்பும் முந்தின ராத்திரியே பெட்டிக்குள் ஐஸ் போட்டு அதைக் குளிர வையுங்கள். சூடான பெட்டியில் போட்ட ஐஸில் பாதி பெட்டியைக் குளிர வைக்கவே செலவாகிவிடும். பொடி ஐஸைவிடக் கட்டி ஐஸ் அதிக நேரம் நிற்கும். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்தால் உருகியபின் குடிக்கலாம். பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் பெருக்கும். உருகிய தண்ணீரை உடனே வடிக்கவும் வேண்டாம், அதுவும் குளிர்ச்சிதான். சாப்பாடு நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோழி, மீனை வீட்டிலேயே மசாலா தடவி உறைய வைத்து, திருகு மூடி டப்பாவில் அடியில் வையுங்கள். சமைத்ததும் வெட்டியதும் ஐந்து டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் சந்தேகம்தான். க்ரூகர் தேசியப் பூங்கா இருக்கும் லோவெல்டு தாழ்நிலத்தில், கோடையில் நிழலே நாற்பதைத் தொடும் நாட்கள் உண்டு. முடிந்தால் குடிக்கும் பாட்டில்களுக்குத் தனி ஐஸ்பெட்டி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை திறப்பது அதைத்தான். போட்ஸ்வானா பக்கம் நீட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகளில் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். எல்லைக்கு முன்னால் தின்று தீர்த்துவிடுங்கள்.

திருடர்கள்

கேப் விடால் முகாம் இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. மணல்மேட்டுக் காட்டுக்குள் கூடாரம், மேட்டைத் தாண்டினால் இந்தியப் பெருங்கடல். அந்தக் காட்டில் வெர்வெட் குரங்கும் சமாங்கோ குரங்கும் உண்டு. நான் என் தண்ணீர் நிறப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டத் திரும்பினேன். ஒரு வெர்வெட் மேசையில் உட்கார்ந்து, பெட்டிச் சுவரோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தது. பிறகு இடது கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் கொக்கியை மேலே நெம்பியது. நான் செய்வது போலவேதான். வாழைப்பழத்தை எடுக்கும் என்று பார்த்தால், அக்கா விடியற்காலை எழுந்து தேய்த்துச் சுட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்த ரொட்டிக் கட்டை அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாற்பது ரொட்டி. மேலே இருந்து தாள் மட்டும் பிசிறு பிசிறாக வந்து விழுந்தது.

அன்றோடு உள்ளே தெரியும் பெட்டிக்கு என் சாப்பாட்டில் இடமில்லை. குரங்குக்கும் பபூனுக்கும் கண் நம்மைப் போலவே நிறம் பார்க்கும். பெட்டி உள்ளே இருப்பது தெரியாததாக இருக்க வேண்டும், கொக்கியின்மேல் ஒரு பட்டைக் கயிற்றைச் சுற்றி இறுக்க வேண்டும், நீங்கள் பத்தடி நகர்ந்தாலும் பெட்டி வண்டிக்குள் போய்க் கதவு பூட்டியிருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தால் போதாது. கேப் முனைப் பக்கத்துப் பபூன்கள் கார் கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கற்றவை. கூடாரம் சாப்பாடு வைக்கும் இடமே இல்லை. ஜிப்பைத் திறக்கும், பொறுமை இல்லாவிட்டால் கிழிக்கும்.

க்ரூகர் முகாம்களில் ராத்திரிக் காவல் வேறு மாதிரி. இங்கே ராட்டல் என்று சொல்லும் தேன்வளைக்கரடி, நாய் அளவுதான் இருக்கும், குப்பைத்தொட்டியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் புரட்டிப் போடும். வேலிக்கு வெளியே கழுதைப்புலி இறைச்சி வாசனைக்கு நடமாடும். பாவம் பார்த்து வேலி வழியாக எலும்பு போடாதீர்கள். மனிதர் கையில் தின்று பழகிய மிருகத்தைக் கடைசியில் சுட வேண்டி வருகிறது. வேலி இல்லாத முகாம் என்றால் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை கொண்டுபோகவே தடை. யானை வாசனை பிடித்து வண்டிக்கே வந்துவிடும்.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

கேஸ் சிலிண்டர் எந்த மூடிய பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில், உருளாதபடி கட்டி வையுங்கள். சின்ன பியூட்டேன் டின்களின்மேல் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று எழுதியிருக்கும். வெயிலில் மூடி நிற்கும் கார் அதை எட்டிவிடும்.

பொய்க்கியும் பெட்டிக்குள் வேண்டாம். பெயர்தான் பொய், கனம் நிஜம். மூன்று கால் வார்ப்பிரும்புப் பானை, இந்த ஊர்க்காரர்கள் கரிமேல் வைத்து மணிக்கணக்காகக் கறி வேக வைப்பது. ஆட்டுக்குழம்புக்கு அதைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று காலும் பிளாஸ்டிக் அடியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஒரு பலகையில் மூன்று ஓட்டை போட்டு, கால்களை அதில் இறக்கி, வண்டித் தரையில் முன்பக்கமாகக் கட்டிவிடுங்கள். உள்ளே வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டால் இடம் வீணாகாது. கரி மூட்டை ஒரு தடித்த பையில் தனியாக.

கருவிப் பெட்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முளை, சுத்தியல், கயிறு, டார்ச், டேப், முதலுதவி. முதலுதவிப் பெட்டிமேல் எதையும் அடுக்காதீர்கள். மின்சாரம் உள்ள முகாமுக்குப் போனால் நீல நிறத்து மூன்று ஊசிக் கேரவன் பிளக் வேண்டும், வீட்டு பிளக் அங்கே சொருகாது. அதை மறந்து முதல் தடவை இருட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஏற்றுவது, இறக்குவது

கனமானது கீழே, சக்கர அச்சுகளுக்கு நடுவில். லேசானது மேலே. இருக்கையின் முதுகு உயரத்துக்குமேல் எதுவும் எழும்பினால், நடுவில் வலையோ கம்பித் தடுப்போ வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் பதினைந்து கிலோ பெட்டி உங்கள் பின்மண்டைக்குத்தான் வரும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, மேலே குறுக்காக இரண்டு பட்டைக் கயிறு. கொக்கி மாட்ட வண்டியில் வளையம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கூரைமேல் ஏற்றுவதாக இருந்தால் வண்டிக் கையேட்டில் கூரைக்கு எவ்வளவு கிலோ என்று போட்டிருக்கும், அதில் கேரியரின் கனமும் அடக்கம்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ன வேண்டும் என்று யோசித்து, அதைக் கடைசியாக ஏற்றுங்கள். மழையில் போய் இறங்கும் நாள் வரும். அன்றைக்குக் கூடாரம், தார்பாலின், காலைப் பெட்டி மூன்றும் கதவோரம் இருந்தால் சண்டை இல்லாமல் டீ குடிக்கலாம்.

வீடு திரும்பியதும் பெட்டிகளை மூடி கேரேஜில் தள்ளிவிடாதீர்கள், டர்பன் ஈரத்துக்கு இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். கழுவி, நிழலில் ஒருநாள் திறந்து காயவைத்து, மூடியைச் சும்மா மேலே சாத்தி வையுங்கள். காலைப் பெட்டியை மட்டும் நான் காலி செய்வதில்லை. டீத்தூள், சர்க்கரை நிரப்பி, லைட்டர் பற்றுகிறதா என்று பார்த்து, கதவோரம் வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அண்ணன் வேலிக்கு மேல் தலை நீட்டி "மிட்மார்?" என்று கேட்டால், அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும்.